துடுப்புத் தந்த தோள்!

தோழா! மூட்டை சுமக்கும் உன் தோளைத் தொட்டுப் பார். தோளிலிருந்து முழங்கை வரை எலும்பு ஒன்று; முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இரண்டு; அதற்கப்பால் சிற்றெலும்புகள் பல! இந்த வரிசை எங்கிருந்து வந்தது?

முகத்திலே பிறந்தவன் ஒருவன், காலிலே பிறந்தவன் இன்னொருவன் என்று கதை கட்டிற்று ஒரு கூட்டம். பாறையோ வேறு கதை சொல்கிறது, சான்றோடு சொல்கிறது!

கனடாவின் வடகோடியிலே, பனி சூழ்ந்த எல்ஸ்மியர் தீவு. உயிரினம் நீரைவிட்டு நிலமேறிய காலத்துப் பாறை அங்கே உண்டு, தேடினால் தடயம் கிட்டும் என்று கணித்துச் சென்றனர் நீல் ஷூபினும் உடன் உழைத்தோரும். ஆண்டுகள் பல அலைந்தனர். 2004இல் கிடைத்தது, 37.5 கோடி ஆண்டுகட்கு முந்திய மீன்! டிக்டாலிக் என்பது பெயர். செதிலும் உண்டு, செவுளும் உண்டு. மீனுக்கு இல்லாத கழுத்தும் உண்டு! துடுப்பின் உள்ளே பார்த்தால், எலும்பு ஒன்று, அடுத்து இரண்டு, அதன்பின் மணிக்கட்டை ஒத்த சிற்றெலும்புகள்!

இதுவே நம் பாட்டன் என்று அறிஞர்கள் கூறவில்லை. பாட்டன் வந்த பாதைக்கு இது சாட்சி என்கிறார்கள். தவளையின் காலிலே, காக்கையின் சிறகிலே, திமிங்கிலத்தின் துடுப்பிலே அதே வரிசை! மாலை சூடிய மன்னன் கையிலும், மலம் அள்ள வைக்கப்பட்டவன் கையிலும் அதே வரிசை! இதில் உயர்வு எது? தாழ்வு எது?

இந்தப் பரிணாமப் பாடத்தைத்தான் 2023இல் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலினின்று நீக்கிற்று டில்லியின் என்.சி.இ.ஆர்.டி. ஏட்டிலிருந்து கிழிக்கலாம், எலும்பிலே எழுதியதை எப்படிக் கிழிப்பது? பிள்ளையை அருகே அழை. உன் கையையே காட்டிப் பாடம் சொல்!