அம்மா படத்தில் மாலை

2019 ஜூலை 3 அன்று ஃபேஸ்புக்கில் பல மணி நேரம் படங்கள் திறக்கவில்லை. படம் இருக்க வேண்டிய கட்டங்களில் ‘படத்தில் இருக்கலாம்: மரம், வானம், சிரிக்கும் மூன்று பேர்’ என்கிற மாதிரி வரிகள் மட்டும் தெரிந்தன. இது என்ன புதுக் கோளாறு என்று பலரும் திகைத்தார்கள். பார்வையற்றவர்களுக்கோ அவை மூன்று ஆண்டுகளாகக் காதில் கேட்டுப் பழகிய வரிகள்.

கைபேசியில் டாக்பேக், கணினியில் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்கள் திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படிக்கும். படம் வந்தால், அதனுடன் சேர்த்திருக்கும் மாற்று உரையைப் படிக்கும். அப்படி ஒன்று இல்லையென்றால் பெரும்பாலும் ‘படம்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். ட்விட்டரில் படத்துடன் வந்த சுமார் 10.9 லட்சம் பதிவுகளை கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் அலசியபோது, மாற்று உரை இருந்தவை வெறும் 0.1 சதவீதம். ஆயிரத்தில் ஒன்று!

இந்தப் பள்ளத்தை இயந்திரத்தைக் கொண்டு நிரப்பத்தான் ஃபேஸ்புக் 2016 ஏப்ரலில் தானியங்கி விவரிப்பைக் கொண்டுவந்தது. அந்த முயற்சியில் பார்வையற்ற பொறியாளர் மேட் கிங்குக்கு முக்கியப் பங்கு உண்டு. தொடக்கத்தில் அதற்குத் தெரிந்த பொருள்கள் சுமார் 100. 2021இல் அது 1,200ஐத் தாண்டியது. குறைந்தது 80 சதவீதம் உறுதி இருந்தால்தான் ஒரு பொருளின் பெயரைச் சொல்லும். அப்போதும் ‘இருக்கலாம்’ என்றுதான் சொல்லும்.

அந்த ‘லாம்’ எனக்கு மிகவும் பிடிக்கும். காரணம், மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் பங்கேற்ற 2017ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று. பதிவு ஒன்றைச் சொல்ல, இயந்திர விவரிப்பு வேறொன்றைச் சொன்னபோதும், பார்வையற்ற வாசகர்கள் விவரிப்பைச் சந்தேகிக்கவில்லை. இரண்டும் பொருந்தும்படி ஒரு கதையை மனத்துக்குள் கட்டிக்கொண்டார்கள். தவறாக இருக்க வாய்ப்புண்டு என்பதை வாக்கியமே அழுத்திச் சொன்னபோதுதான் நம்பிக்கை சற்றுத் தளர்ந்தது.

நம் வீட்டுக்குள் வைத்தே பார்ப்போம். ‘என் அம்மா’ என்ற இரண்டே சொற்களுடன் ஒருவர் படம் போடுகிறார். இயந்திரம் ‘சிரிக்கும் ஒருவர், பூக்கள்’ என்கிறது. ஒவ்வொரு சொல்லும் சரி. கேட்பவர் மனத்தில் பிறந்தநாள் விழா விரிகிறது, வாழ்த்தும் எழுதிவிடுகிறார். படத்திலோ அந்தச் சிரிப்பு கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. பூக்கள், சட்டத்தின் மேல் போட்ட மாலை. முன்னால் விளக்கு எரிகிறது.

விவரிப்பே இல்லாவிட்டால் அவர் யாரையாவது கேட்டிருப்பார். அதனால்தான், தவறாக எண்ணவைக்கும் விவரிப்பு வெறுமையைவிட மோசம் என்கிறேன். கேட்பவரால் படத்தைப் பார்த்துச் சரிபார்க்க முடியாது. பதிவு போடுபவரால் முடியும்.

பதிவை அனுப்பும் முன் டாக்பேக்கைப் போட்டு, கண்ணை மூடி ஒருமுறை கேளுங்கள். ‘ரத்தம் தேவை’ அட்டை என்றால் எந்த வகை ரத்தம், எந்த மருத்துவமனை, எந்த எண் என்பது காதில் விழுகிறதா? ‘சிவப்புத் துளி, கைகள்’ என்று மட்டும் கேட்டால் அந்த அட்டை இன்னும் யாரிடமும் உதவி கேட்கவில்லை என்று பொருள். கேட்டு முடித்தபின் கண்ணைத் திறந்து படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அம்மா படத்துக்கு மாற்று உரையாக ஒரு வரி போதும்: ‘சட்டமிட்ட அம்மாவின் படம், மல்லிகை மாலை போட்டு, முன்னால் விளக்கு ஏற்றியிருக்கிறோம்.’