வாசலிலிருந்து எத்தனை அடி?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபதைக் கடந்திருந்தார்கள். 2031-இல் அது 18-ஐத் தாண்டும் என்பது தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் அறிக்கை தரும் கணிப்பு. பிரான்ஸில் 65 வயதைக் கடந்தவர்களின் பங்கு 7 சதவீதத்திலிருந்து 14 ஆவதற்கு நூறாண்டுகளுக்கு மேல் பிடித்தது. நமக்கு அந்த அவகாசம் வாய்க்கவில்லை. இதற்குத் தீர்வாக, ‘கூடுதலாகப் பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள்’ என்று மேடையில் சொல்வது இப்போது தென்மாநில வழக்கமாகிவிட்டது. கணக்கு இடிக்கிறது. இன்று பிறக்கிற குழந்தை சம்பாதிக்க இருபது, இருபத்தைந்து வருடமாகும். அதற்குள் அறுபதைத் தொடப்போகிறவர்கள் எல்லோரும் ஏற்கெனவே பிறந்து, முப்பத்தைந்தைத் தாண்டி, நம்மோடு பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறார்கள். தென் கொரிய அரசு பல ஆண்டுகள் பணத்தைக் கொட்டியும், 2023-இல் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72 குழந்தைதான்.

ஆகவே, இருக்கிறவர்களுக்குத் திட்டமிட வேண்டும். அந்தத் திட்டத்தை ரூபாயில் மட்டும் அளந்துவிடுகிறோம். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023-இல் மாதம் 1,200 ரூபாயானது. தேசிய முதியோர் ஓய்வூதியத்தில் எண்பது வயதுக்குக் கீழே மத்திய அரசு தருவது வெறும் 200 ரூபாய். வெட்கப்பட வேண்டிய தொகை. ஆனால், தொகையை உயர்த்தினால் மட்டும் போதாது, எந்த உதவியும் கைக்கு வந்து சேர வேண்டுமே. ரேஷனையே பாருங்கள். களையெடுத்தும் பாத்திரம் தேய்த்தும் ரேகை அழிந்துபோன விரலை, ரேஷன் கடையில் இயந்திரம் ஏற்பதில்லை. துணியில் துடைத்து, வேறு விரலை வைத்து, மறுபடி அழுத்தி, கடைசியில் ‘நாளைக்கு வாங்க பாட்டி’. எழுபது வயது முழங்காலுக்கு அந்த ‘நாளை’ எத்தனை தூரம்! 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டம் எழுபது வயதைக் கடந்தவர்களின் வீட்டுக்கே ரேஷன் பொருளைக் கொண்டுபோனது, இந்தத் தூரத்தைச் சரியாகப் புரிந்துகொண்ட செயல். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டமும் அப்படித்தான். பிரஷர், சுகர் மாத்திரை வீடு தேடி வந்தது.

மாத்திரையைத் தாமே விழுங்க முடிகிறவர்களுக்கு இது போதும். படுத்த படுக்கையாகிவிட்டவர்களுக்கு? இங்கேதான் கேரளத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் வலி தணிக்கும் சிறு சேவையாகத் தொடங்கியது, அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்கள் கையில் ஊர் ஊராகப் பரவியது. 2008-இல் மாநில அரசு அதற்கென ஒரு கொள்கையே வகுத்தது. பயிற்சி பெற்ற செவிலியர் வீட்டுக்கு வந்து புண்ணைச் சுத்தம் செய்து, சிறுநீர்க்குழாயை மாற்றிப் போகிறார். அந்தச் செலவை உள்ளாட்சி ஏற்கிறது. பணக்கார நாட்டின் மருத்துவமனைப் படுக்கைகளை நகலெடுக்காமல், வீட்டுக் கட்டிலையே மருத்துவத்துக்குள் கொண்டுவந்ததுதான் அதன் சாமர்த்தியம்.

‘பெற்றவர்களைப் பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் கடமை, அரசு புகுந்தால் பாசம் போய்விடும்’ என்பார்கள். கடமையை யாரும் மறுக்கவில்லை. கைவிட்ட பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்க 2007-இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால், படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உடம்பைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், நள்ளிரவிலும். ‘பிள்ளைகளின் கடமை’ என்று நாம் சொல்லும்போது அந்தக் கைகள் பெரும்பாலும் மருமகளுடையவை, அல்லது வேலையை விட்டுவிட்டு வந்த மகளுடையவை. வாரத்தில் இரண்டு நாள் ஒருவர் வந்து அவர்களுக்கு ஓய்வு கொடுத்தால் பாசம் குறையாது. பாசத்துக்குத் தெம்பு வரும். அப்படி வருபவருக்கான செலவு? ஜப்பான் 2000-இல் கொண்டுவந்த பராமரிப்புக் காப்பீட்டில் நாற்பது வயதிலிருந்தே எல்லோரும் சந்தா கட்டுகிறார்கள். கூலிவேலையில் பலர் பிழைக்கிற நம் ஊரில் சந்தா வசூல் நடவாது. வரிப்பணத்திலிருந்துதான் இதைச் செய்தாக வேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. எல்லாவற்றுக்கும் கோடிகள் வேண்டியதில்லை. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அறுவைச் சிகிச்சைக்கு ஆகும் செலவில், ஒரு தெருவின் கழிப்பறைகளுக்கெல்லாம் கைப்பிடிக் கம்பி போட்டுவிடலாம். யாருக்குப் போடுவது என்பதைச் சென்னையிலிருந்து சொல்ல முடியாது. தனியாக இருப்பவர் யார், பிள்ளைகள் திருப்பூருக்குப் போய்விட்ட வீடு எது, எந்த வாசற்படி உயரம் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். ஊராட்சி அதை ஒரு பதிவேட்டில் எழுதி, ஒவ்வொரு கிராமசபைக் கூட்டத்திலும் வாசித்துத் திருத்தினால் போதும். முதல் வேலையாக, அந்தக் கூட்டம் நடக்கிற கட்டடத்தின் படியோரத்தில் ஒரு கைப்பிடி போடலாம். பதிவேட்டில் பெயர் இருக்கிறவர்களும் ஏறி வந்து உட்கார வேண்டுமல்லவா?