தூண்டிற்கோலின் மூட்டு தளராதிருக்க

சிஞ்ச்வட்டில் வாழும் நம் வாசகர்கள் சிலர், விடுமுறையில் நீலகிரிக்குச் செல்லும்போது தூண்டிற்கோலையும் உடன் கொண்டு செல்வதுண்டு. இக்கலை இங்கே புதியதன்று. சென்னை மாகாண அதிகாரியாகப் பணியாற்றிய ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்தியாவில் தூண்டிலிடுவது குறித்து 1873-ஆம் ஆண்டிலேயே நூல் வெளியிட்டார். 1907-இல் அவலாஞ்சியில் ட்ரவுட் மீன் பொரிப்பகம் அமைந்தது. இன்றும் உரிய அனுமதி பெற்றே அங்குத் தூண்டிலிட வேண்டும்.

பூச்சியைப் போன்ற பொய்யிரையை வீசுவதற்கான கோல், பயணத்திற்கு வசதியாகப் பெரும்பாலும் நான்கு துண்டுகளாக வருகிறது. ஒவ்வொரு வீச்சிலும் கோல் வளைந்து நிமிர்கிறது. சிறிது முறுக்கவும் படுகிறது. இதனால் மூட்டு மெல்ல மெல்லத் தளர்கிறது. நுனித்துண்டு கழன்று ஓடையில் விழுவது மட்டுமே இழப்பன்று. தளர்ந்த மூட்டில், வளைவின் விசை முழுவதும் குழல்வாயின் விளிம்பில் குவிகிறது. கார்பன் இழையாலான கோல் அவ்விடத்தில் பிளந்துவிடும். அதன்பின் புதுத்துண்டு வாங்குவதன்றி வேறு வழியில்லை.

இதனைத் தவிர்ப்பது எளிது. முதலில் மூட்டின் இரு பகுதிகளையும் மெல்லிய துணியால் துடைத்து மணலையும் தூசியையும் நீக்குவோம். உட்செல்லும் பகுதியில் சாதாரண மெழுகுவர்த்தியை இலேசாகத் தேய்ப்போம், எண்ணெய் பூசலாகாது. நூல் வளையங்கள் ஏறத்தாழக் கால்வட்டம் விலகியிருக்குமாறு துண்டுகளைச் செருகி, அழுத்தியவாறே திருகி வளையங்களை ஒரே நேர்கோட்டில் கொணர்வோம். பழைய மூங்கிற்கோல்களின் உலோக மூட்டுகளுக்கு மட்டும் இம்முறை பொருந்தாது. அவற்றைத் திருகாமல் நேராகவே செருகவும் பிரிக்கவும் வேண்டும்.

கால்மணிக்கு ஒருமுறை மூட்டுகளைத் தொட்டுப் பார்த்தல் நலம். வீசும்போது 'டிக்' என்னும் ஒலியோ கையில் சிறு அதிர்வோ தோன்றினால், உடனே நிறுத்திச் சரிசெய்ய வேண்டும்.

புறப்படுமுன், சிஞ்ச்வட்டிலேயே ஏதேனும் திறந்த புல்வெளியில், முள்ளுக்குப் பதிலாகச் சிறு கம்பளி நூலைக் கட்டி வீசிப் பழகலாம். மின்கம்பிகள் அருகில் இல்லாத இடமாக இருக்கட்டும். கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும். மூட்டின் குறை அங்கேயே புலப்பட்டால், மலையோடையில் நுனித்துண்டைத் தேடி அலையும் வேலை நமக்கில்லை.