கவுன்சலிங் முடியும் முன் அட்வான்ஸ் எதற்கு?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த சூட்டோடு வீடு தேடி ஒருவர் வருவார். கையில் கல்லூரியின் வண்ண நோட்டீஸ், பையில் ரசீதுப் புத்தகம். "சீட் வேகமா நிரம்புது. இப்போதைக்கு ஐயாயிரம் அட்வான்ஸ் போதும். மார்க் ஷீட்டும் டி.சி.யும் எங்ககிட்டயே இருக்கட்டும்" என்பார். அந்த வீட்டில் அதுவரை யாரும் கல்லூரிக்குப் போயிருக்க மாட்டார்கள். வந்தவர் தெரிந்த ஊர்க்காரராகவும் இருந்துவிட்டால், மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுகிறார்கள். அதோடு எவ்வளவு பெரிய உரிமை கைநழுவுகிறது என்பதை அவர் சொல்ல மாட்டார்.

தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு அரசு தரும் பெரிய உதவிகள் பெரும்பாலும் கவுன்சலிங்கில் கிடைக்கும் இடத்தோடு சேர்ந்தே வருகின்றன. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-இல் மருத்துவப் படிப்புக்குச் சட்டமானது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் வந்தது. மருத்துவ ஒதுக்கீட்டை எதிர்த்த வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. இந்த ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளையின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும் கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால்தான் உண்டு. அதே கல்லூரியில், அதே பிரிவில், மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இரண்டும் கிடையாது. பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை கட்டணம் கட்டாமல் படிக்க, இந்த வீட்டில் நகையை அடகு வைத்துக் கட்டிக்கொண்டிருப்பார்கள். இது நடக்கக் கூடாத அநியாயம்.

இன்னொரு சிக்கல் பிளஸ் டூவுக்கு ஆறு ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடுகிறது. 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். எந்த வகுப்பு, எந்தப் பள்ளி, எந்த ஆண்டு என்று வரிசையாக எழுதி, தலைமையாசிரியர் கையெழுத்திட்டு முத்திரை வைத்த சான்று கேட்பார்கள். அதில் ஒரே ஒரு வரியில் தனியார் பள்ளியின் பெயரோ, அரசு உதவி பெறும் பள்ளியின் பெயரோ வந்துவிட்டால் இந்த ஒதுக்கீடு போய்விடும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. 'எய்டட் ஸ்கூலும் கவர்ன்மென்ட் ஸ்கூல்தானே' என்று நினைத்து ஆறாம் வகுப்பில் பள்ளி மாற்றும் பெற்றோருக்கு இந்த விதியை யாராவது அப்போதே சொல்லியாக வேண்டும். ஐந்தாம் வகுப்பு டி.சி. வாங்க வரும் நாளில் தொடக்கப் பள்ளி ஆசிரியர் சொன்னால் போதும். மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் உதவி பெறும் பள்ளியின் தமிழ் வழி மாணவர்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அதைக் காட்டி 7.5 சதவீதமும் கிடைக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

கல்லூரிக்கு முன் பள்ளியிலேயே கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியானது. பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு இனி இல்லை என்ற முடிவுதான் அதில் பெற்றோரிடம் அதிகம் பேசப்பட்டது. பிள்ளைகளின் சுமை குறைவது நல்லதே. ஆனால் 2017-18-இல் அந்தத் தேர்வு ஏன் வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்தாமலே, இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே மனப்பாடம் செய்ய வைத்த பள்ளிகள் நிறைய இருந்தன. அப்படி வந்தவர்கள் பொறியியல் முதலாண்டில் கணக்கிலும் இயற்பியலிலும் திணறினார்கள். நீட், ஜே.இ.இ. இரண்டிலும் பதினொன்றாம் வகுப்புப் பாடத்திலிருந்து கேள்வி வருகிறது. ஆகவே உங்கள் பிள்ளையின் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் பாடம் முழுதாக நடக்கிறதா என்று பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் தயங்காமல் கேளுங்கள்.

சரி, அட்வான்ஸும் கொடுத்தாயிற்று, சர்டிபிகேட்டும் போயிற்று என்றால் என்ன செய்வது? மீட்க வழி இருக்கிறது. அசல் சான்றிதழைச் சரிபார்த்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், நகலை மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் தெளிவாக உத்தரவிட்டிருக்கிறது. சேர்க்கைக்கு அறிவித்த கடைசித் தேதிக்கு 15 நாள் முன்னதாக விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வர வேண்டும். நடைமுறைச் செலவு என்று 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடிக்கலாம். நாள் தள்ளத் தள்ளத் திரும்பக் கிடைக்கும் தொகை குறையும், கடைசித் தேதி கடந்து 30 நாளுக்குப் பிறகு எதுவும் வராது. பொறியியல் கல்லூரிகளுக்கு அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) விதி: வகுப்பு தொடங்கும் முன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. ஆகவே நேரில் போய்க் கெஞ்சி நாளைக் கடத்தாதீர்கள். விலகும் கடிதத்தைத் தேதியிட்டு எழுதி, பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். அட்வான்ஸுக்கு வாங்கிய ரசீது துண்டுச் சீட்டாக இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள்.

கல்லூரி மசியவில்லை என்றால், ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்க வேண்டிய மாணவர் குறைதீர்ப்புக் குழுவிடம் எழுதிக் கொடுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 விதிமுறைப்படி கல்லூரியின் அந்தக் குழு 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். மானியக் குழுவின் இ-சமாதான் தளத்திலும் புகார் பதியலாம். இதற்கெல்லாம் நாள் ஆகும், கவுன்சலிங் தேதியோ நெருங்கிவிட்டது என்றால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். மனுவில் கவுன்சலிங் தேதியை முதல் வரியிலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் அவசரம் யாருக்கும் புரியாது. பள்ளியே பாக்கிக் கட்டணத்தைக் காட்டி டி.சி. தர மறுத்தால் அதுவும் தவறு. டி.சி. என்பது கட்டண பாக்கி வசூலிக்கும் கருவி அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொல்லிவிட்டது. பள்ளி சம்பந்தமான புகாருக்கும் ஆலோசனைக்கும் 14417 என்ற எண்ணில் பேசலாம்.

விஷயம் வழக்கு வரை போகும்போல் தெரிந்தால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். தொலைபேசி எண் 15100. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், 18 வயது நிரம்பாதவர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் அங்கே வழக்கறிஞரை இலவசமாக அமர்த்தித் தருவார்கள்.