ரௌட்டருக்குப் பூட்டு போட்டாயிற்று, அப்புறம்?

கணினித் துறையில் வேலை பார்க்கும் பெற்றோருக்கு ஒரு வசதி உண்டு. ராத்திரி பத்து மணிக்கு மேலும் பிள்ளை போனை விடவில்லை என்றால் கத்த வேண்டியதில்லை. ரௌட்டரின் அட்மின் பக்கத்தைத் திறந்து, அந்தப் போனின் மேக் முகவரியைத் தேடிப் பிடித்து, 'பத்து முதல் ஆறு வரை இணைப்பு இல்லை' என்று ஒரு விதி எழுதிவிடலாம். எழுதிவிட்டு லேப்டாப்பை மூடுவதில் ஒரு தனி சுகம்.

அந்த விதி ரொம்ப நாள் தாங்காது. மேக் முகவரி என்பது போனின் வைஃபை சில்லுக்குத் தொழிற்சாலையிலேயே இடப்படும் எண். அதை வைத்து ஆட்களை இடத்துக்கு இடம் பின்தொடர முடிந்ததால், 2019இல் ஆண்ட்ராய்டு 10, 2020இல் ஐஓஎஸ் 14 இரண்டும் அசல் எண்ணை மறைத்து, வைஃபைக்கு ஒரு பொய் எண்ணைக் காட்டத் தொடங்கின. அமைப்புக்குள் போய் இந்த வசதியை மாற்றிப் போட்டால் ரௌட்டரின் கண்ணுக்கு அது புத்தம்புதுப் போன். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர யூடியூப் இருக்கிறது. அந்தரங்கத்தைக் காக்க வந்த ஏற்பாடே அப்பாவின் விதியையும் உடைக்கிறது என்றால் யாரைக் கோபித்துக்கொள்வது?

அடுத்த வேலி டிஎன்எஸ். தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தேடித்தரும் சேவை. கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020இல் குடும்பங்களுக்கென்றே 1.1.1.3 என்ற முகவரியில் இலவசமாக ஒன்றைத் தொடங்கியது. ரௌட்டரில் இதைப் போட்டுவைத்தால், ஆபாசத் தளங்களுக்கும் தீம்பொருள் பரப்பும் தளங்களுக்கும் வழி சொல்ல மறுத்துவிடும். ஐந்து நிமிட வேலை, செய்துவிடலாம். ஆனால் அதன் பார்வை வாசலோடு சரி. யூடியூபுக்குள் எந்த வீடியோ ஓடுகிறது, இன்ஸ்டாகிராமில் யார் என்ன அனுப்புகிறார்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. போனுக்குள் தினம் ஒன்றரை ஜிபி டேட்டாவோடு ஒரு சிம் இருந்துவிட்டால் வீட்டு ரௌட்டருக்கு அங்கே வேலையே இல்லை.

வேலியே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. தெரியாமல் எதையாவது தட்டிவிடும் சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் நன்றாகவே உதவும். பாட்டு பார்க்க நம் போனைக் கொடுக்கும்போது ஆண்ட்ராய்டில் ஆப் பின்னிங், ஐபோனில் கைடட் ஆக்சஸ் போட்டுக் கொடுத்தால் விரல் அந்த ஒரு செயலியைத் தாண்டாது. ஜிபேயும் ஆபீஸ் மெயிலும் பிழைக்கும். பத்து வயதைத் தாண்டினால்தான் கதை மாறுகிறது. பெற்றோர் கண்காணிப்புச் செயலிகளைப் பற்றிப் பிள்ளைகளே கூகுள் பிளேயில் எழுதிய 736 விமர்சனங்களை அமெரிக்க ஆய்வாளர்கள் 2018இல் அலசினார்கள். பெரும்பாலும் ஒன்று, இரண்டு நட்சத்திரம்தான். இதில் வியப்பில்லை. கவனிக்க வேண்டியது காரணத்தை: அப்பா அம்மாவோடு இருந்த உறவையே இந்தச் செயலி கெடுத்துவிட்டது என்று பல பிள்ளைகள் எழுதியிருந்தார்கள்.

அந்த உறவு எப்போது தேவைப்படும் என்று பார்க்கலாம். ஆன்லைன் விளையாட்டில் அறிமுகமாகும் ஒருவர், தானும் அதே வயதில் பள்ளியில் படிப்பதாகவே சொல்லிக்கொள்வார். நாலு நாள் சேர்ந்து விளையாடிய பிறகு, 'இங்க வேணாம், அந்த ஆப்புக்கு வா' என்பார். பிறகு ஒரு படம் கேட்பார். படம் கைக்குப் போனதும் மிரட்டல் தொடங்கும்: பணம் அனுப்பு, இல்லையென்றால் உன் நண்பர்கள் எல்லோருக்கும் போகும். மிரட்டுகிறவருக்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். 'வீட்டுக்குத் தெரிந்தால் போனைப் பிடுங்கிவிடுவார்கள், தோலை உரித்துவிடுவார்கள்' என்ற பயம் பிள்ளையிடம் ஏற்கெனவே இருந்தால் போதும். அந்தப் பயத்தை வளர்த்துக் கொடுத்தவர்கள் நாம்தான். 'எது நடந்தாலும் சொல்லு, போனை வாங்கமாட்டேன்' என்று முன்கூட்டியே சொல்லிவைப்பதும், சொன்னபடி நிற்பதும் எந்த வடிகட்டியையும்விட வலுவான பாதுகாப்பு என்பது என் எண்ணம்.

பிள்ளை வந்து சொல்லிவிட்டால் செய்ய நிறைய இருக்கிறது. பணம் கொடுக்கக்கூடாது. அரட்டையை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ள வேண்டும். பணம் போயிருந்தால் 1930ஐ உடனே அழைக்கலாம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். குழந்தைகள் உதவி எண் 1098. வெளியே போன படத்துக்கும் ஒரு வழி உண்டு. 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவையை அமெரிக்காவின் காணாமற்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் 2023இல் தொடங்கியது. படத்தை யாருக்கும் காட்ட வேண்டாம். நம் போனிலேயே அந்தப் படத்தின் தரவைக் கணக்கிட்டு ஹாஷ் என்ற நீண்ட குறியாக்குகிறார்கள். அந்தக் குறியிலிருந்து படத்தைத் திரும்ப உருவாக்க முடியாது. குறி மட்டும் மையத்துக்குப் போகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் தம்மிடம் ஏறும் படங்களில் அதே குறி வருகிறதா என்று ஒப்பிட்டு நீக்கும். மறையாக்கம் செய்த அரட்டைகளுக்குள் இது எட்டாது என்பதுதான் குறை.

இத்தனையும் பிள்ளை வாய் திறந்தால்தான். பிள்ளைகள் பெரிய விஷயத்தை நேரடியாக எடுப்பதில்லை. பக்கத்தில் வந்து நின்று, சம்பந்தமில்லாமல் எதையோ ஆரம்பிப்பார்கள். அந்த நேரம் பார்த்து நம் வாயிலிருந்து வருவது, 'ஒரு நிமிஷம்டா கண்ணா, மீட்டிங்ல இருக்கேன்.'

இப்படி இடையில் அறுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2017இல் வெளியான அமெரிக்கச் சோதனை ஒன்று இருக்கிறது. 38 தாய்மார்கள், இரண்டு வயதுக் குழந்தைகள். ஒவ்வொரு தாயும் பிளிக்கிங், ஃபிரெப்பிங் என்று இரண்டு கற்பனைச் சொற்களைச் சொல்லித்தர வேண்டும். ஒன்றைத் தடையில்லாமல் சொல்லித்தந்தார். இன்னொன்றின் நடுவே போன் மணி அடித்தது, பேசிவிட்டு வந்து தொடர்ந்தார். இரண்டு சொற்களும் குழந்தையின் காதில் விழுந்த தடவைகள் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனாலும் தடையில்லாமல் வந்த சொல்தான் மனதில் நின்றது. இரண்டு வயதுக் குழந்தையை வைத்துப் பதின்மூன்று வயதுப் பிள்ளையை அளக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளலாம் என்ற நம் நம்பிக்கையை அது கொஞ்சம் ஆட்டத்தான் செய்கிறது.

ஆன்-கால் வேலையில் இருப்பவர் போனை அணைத்துவைக்க முடியாது. அந்த அறிவுரை அவருக்கு உதவாது. முடிந்தது இது: ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிவரை 'தொந்தரவு செய்யாதே' தானாகவே வரும்படி வைத்து, சர்வர் விழுந்தால் எழுப்பும் ஆப்புக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம். குடும்ப வாட்ஸ்ஆப் குழுவும் ஆபீஸ் அரட்டையும் சத்தமில்லாமல் சேர்ந்து கிடக்கட்டும். ஊரிலிருந்து அவசரமாக யாராவது கூப்பிட்டால் என்ன செய்வது என்ற கவலைக்கும் உள்ளேயே வழி இருக்கிறது. 'திரும்ப அழைப்பவர்' வசதியைப் போட்டுவைத்தால், ஒரே எண்ணிலிருந்து வரும் இரண்டாவது அழைப்பு, ஐபோனில் மூன்று நிமிடத்துக்குள், ஆண்ட்ராய்டில் பதினைந்து நிமிடத்துக்குள் வந்தால், மணி அடித்துவிடும். விளம்பரக்காரர்கள் அவ்வளவு சீக்கிரம் திரும்ப அழைப்பது அபூர்வம்.