கடைப் புத்தகமும் வங்கிப் பதிவும்



தோட்டத்து மளிகைக் கடையில் நாம் கடன் வாங்கியபோது கடைக்காரர் பத்திரம் எதுவும் கேட்டதில்லை. இன்னார் மகன், இன்ன லயத்தில் குடியிருக்கிறவன், சம்பள நாளில் தவறாமல் வருகிறவன் என்பதே போதுமானதாக இருந்தது. அரிசி, பருப்பு, கருவாடு எல்லாம் சிறிய புத்தகத்தில் ஏறும். சம்பளம் வாங்கியதும் கணக்கை அடித்துவிடுவார். சில கடைகளில் வாங்காத சாமானும் அதில் ஏறியதுண்டு. அது வேறு கதை. எப்படியிருந்தாலும் அந்தப் புத்தகந்தான் நமது நாணயத்துக்குச் சான்று.

பேராக்கில் எத்தனையோ ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கு மாறின, வீடமைப்புக்கு விற்கப்பட்டன. பால் வெட்டிய குடும்பங்கள் ஈப்போ, சுங்கை சிப்புட் பக்கம் மலிவு விலை வீடு தேடி வந்தன. அங்கே வங்கி அதிகாரிக்குக் கடைப் புத்தகம் செல்லாது. முப்பது ஆண்டு ஒழுங்காகக் கடனைக் கட்டியவரும் அவருக்கு முன்பின் தெரியாதவரே.

அப்படியானால் அவர் எதைப் பார்க்கிறார்? பேங்க் நெகாரா 2001 முதல் நடத்திவரும் சி.சி.ஆர்.ஐ.எஸ். என்னும் கடன் பதிவைப் பார்க்கிறார். வங்கிக் கடன் பெற்றவர் கடந்த 12 மாதங்களில் தவணையை எப்படிக் கட்டினார் என்பது அதில் மாதவாரியாக இருக்கும். சரியாகக் கட்டியிருந்தால் 0. ஒரு மாதப் பாக்கி இருந்தால் 1. இரண்டு மாதமானால் 2. இதைப் பலர் ‘கறுப்புப் பட்டியல்’ என்கிறார்கள். அது தவறு. நன்றாகக் கட்டியவர் பெயரும் அங்கேதான் இருக்கிறது. கடன் கொடுப்பதா மறுப்பதா என்று தீர்மானிப்பது அந்தந்த வங்கி. பாக்கியைத் தீர்த்து, தொடர்ந்து ஒழுங்காகக் கட்டி வந்தால், 12 மாதங்களில் பழைய தாமதம் அந்தப் பார்வையிலிருந்து நகர்ந்துவிடும்.

அமெரிக்காவில் இது இன்னும் கடுமை. அங்கே 300 முதல் 850 வரை புள்ளி போடுகிறார்கள். கடனே வாங்காத யோக்கியருக்குப் புள்ளியே இல்லாமல் போவதும் உண்டு! அதற்காக நாம் வேண்டாத கடனை வாங்க வேண்டியதில்லை. சம்பளத்தை வங்கியில் பெறுவது, சம்பளச் சீட்டையும் சேமநிதி அறிக்கையையும் பத்திரப்படுத்துவது, எடுத்த சிறு கடனைத் தேதி தவறாமல் கட்டுவது, இவை போதும்.

பதிவு இல்லாதவர் வட்டி முதலையிடம் போவதுதான் நமக்குக் கவலை. 1951 ஆம் ஆண்டு வட்டிக்கடைச் சட்டப்படி, உரிமம் பெற்றவர் ஈடில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. 1,000 வெள்ளிக்கு அது 180 வெள்ளி. மாதம் நூற்றுக்குப் பத்து என்று கேட்கிறவனுக்கோ ஆண்டுக்கு 1,200 வெள்ளி போகும். முதல் அப்படியே நிற்கும். வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் அவனிடம் ஒப்படைத்தால் சம்பளமே அவன் கையில்.

வங்கித் தவணைகள் மீறிப் போனால், பேங்க் நெகாரா 2006-ல் அமைத்த ஏ.கே.பி.கே. நிறுவனத்தை அணுகலாம். ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. வங்கிகளோடு பேசித் தவணையை மாற்றியமைத்துத் தருவார்கள். வட்டி முதலையின் கடன் அதில் அடங்காது.

நண்பருக்காக ஜாமீன் கையெழுத்துப் போடுமுன் வீட்டில் கலந்து பேசுங்கள்; அவர் கட்டாவிட்டால் வங்கி நம்மிடம் வரும். நமது சி.சி.ஆர்.ஐ.எஸ். அறிக்கையை நாமே இலவசமாகப் பெறலாம். நாம் வாங்காத கடன் அதில் காணப்பட்டால், அதைப் பதிந்த வங்கிக்கே எழுதித் திருத்தச் சொல்ல வேண்டும்.