அப்பாவின் இடது கால்

பெரிய வியாழன் பூசையில் பாதிரியார் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார். எங்கள் தேவாலயத்தில் அந்தப் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே காலைத் தேய்த்துக் கழுவி, நகம் வெட்டி, புதுக் காலுறை போட்டுக்கொண்டுதான் வருவார்கள். கழுவிய காலையே பாதிரியார் கழுவுகிறார் என்று சிறுவயதில் நானும் தம்பியும் சிரிப்போம்.

அப்பா அந்த வரிசையில் உட்கார்ந்ததே இல்லை. பல ஆண்டுகள் பங்கு மன்றத் தலைவராக இருந்தவர். நாற்காலி அடுக்குவது, திருவிழா முடிந்ததும் பெரிய சட்டிகளைத் தேய்ப்பது, கழிவறை அடைத்துக்கொண்டால் கையை விடுவது எல்லாம் அவர்தான். தலைவன் என்றால் கடைசியாகச் சாப்பிடுகிறவன் என்பது அவர் கணக்கு. ஆனால், பாதம் கழுவப் பெயர் கேட்டால், "வேற யாரையாவது போடுங்க சாமி" என்று நழுவிவிடுவார். அதையும் தாழ்மை என்றே நினைத்தோம்.

2023 இறுதியில் நீரிழிவால் அவருடைய இடது பாதத்தில் புண் வந்தது. தினமும் சுத்தம் செய்து கட்டுப்போட வேண்டும் என்றார் கிளினிக் தாதி. அப்பா அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு தானே கட்டிக்கொண்டார். குனிந்து அடிப்பாதத்தைப் பார்க்க அவரால் முடியாது. "என் காலை நீ தொடக்கூடாதும்மா" என்பார். புண் ஆழமாகி, ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

மருத்துவமனையில் காத்திருந்தபோது யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தைப் படித்தேன். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்ட இயேசுவைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். அன்று என் கண் பேதுருவிடம் நின்றுவிட்டது. அவர் காலைக் காட்ட மறுக்கிறார். கழுவவிடாவிட்டால் நமக்குள் உறவே இல்லை என்ற பொருளில் இயேசு பதில் சொல்கிறார். மரியாதையால் மறுத்தவருக்கு எவ்வளவு கடுமையான பதில்!

போப் பிரான்சிஸ் 2013இல் ரோம் நகரின் இளையோர் சிறையில் பன்னிரண்டு பேர்முன் முழந்தாளிட்டுப் பாதம் கழுவியதை உலகமே பேசியது. அவர்களில் பெண்களும் முஸ்லிம்களும் இருந்தார்கள். எனக்கு அதைவிட 2024தான் மனத்தில் நிற்கிறது. அப்போது அவர் சக்கர நாற்காலியில் இருந்தார். ரெபிபியா சிறையில் பெண் கைதிகளை உயரமான மேடையில் உட்காரவைத்தார்கள், அவர் நாற்காலியிலிருந்தே கழுவுவதற்காக. அவரை ஒவ்வொருவர் முன்பும் நகர்த்த இன்னொருவர் வேண்டியிருந்தது. அந்தக் காட்சியைக் கைப்பேசியில் அப்பாவிடம் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை.

உண்மையில் என் கதையும் அதுதான். அலுவலகத்தில் என் குழுவினரின் வேலையை இரவெல்லாம் உட்கார்ந்து நானே முடித்துக் கொடுப்பேன். எனக்கு முடியவில்லை என்று அவர்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நல்ல தலைவி என்ற பெயர் இருக்கிறது. அது பணிவா, பிடிவாதமா என்று இப்போது சந்தேகம்.

ஒரு மாலை அப்பா கதவைத் தாழிடவில்லை. அன்றிலிருந்து கட்டுப்போடும் வேலை எனக்கு வந்தது. புண் ஆறிய பிறகு காலைக் கழுவுவதும் நான்தான். அவருக்குச் சூடு தெரியாது என்பதால், தண்ணீரை முதலில் என் முழங்கையால் தொட்டுப் பார்ப்பேன். விரலிடுக்கில் ஈரம் நிற்காமல் துடைப்பேன். முதல் சில நாள் அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆண்டு பெரிய வியாழனன்று பன்னிரண்டாவது நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் வலது காலை நீட்டினார்கள். அப்பா இடது காலை நீட்டினார்.